ஆளுநரான இரண்டு வக்கீல்கள்: கொங்குநாட்டு வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, பவானி வழக்கறிஞர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

நான் வக்கீல் இல்லை. பவானிப் பக்கம் கொஞ்சம் காடும் இரண்டு எருமையும் வைத்துக்கொண்டு, ஒரு வண்டித்தடத் தகராறில் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுப் படியேறுகிற ஆள். நம் பக்கத்திலிருந்து வக்கீலாகக் கிளம்பி ஆளுநராகப் போனவர்கள் என்றால் செங்குட்டைப்பாளையம் சி. சுப்பிரமணியமும் (சி.எஸ்.) காடப்பநல்லூர் ப. சதாசிவமும்தான் உடனே நினைவுக்கு வருகிறார்கள். இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் 'மேதகு ஆளுநர்' என்பதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறோம். என் கணக்கில் அவர்கள் பார்த்த வேலைகளிலேயே சின்ன வேலை அது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை இந்த இருவரைப் பற்றி ஒரு கூட்டம் போடுங்கள். பொன்னாடை, மாலை எல்லாம் வேண்டாம். கோர்ட்டில் செய்வது போலவே ஒரு ஜூனியர் இந்தப் பக்கமும் இன்னொரு ஜூனியர் அந்தப் பக்கமும் நின்று வாதாடட்டும்.

சி.எஸ். விஷயத்தில் வாதாட நிறைய இருக்கிறது. சென்னையில் சட்டம் படித்துவிட்டுக் கோவையில் தொழில் செய்தவர். பெரியசாமித் தூரனோடு சேர்ந்து கோபியிலிருந்து 'பித்தன்' என்று பத்திரிகை நடத்தியவர், ஜெயிலுக்குப் போனவர், அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். 1954இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். ஜெயித்த காமராஜர் அவரையே மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். (இன்றைக்கு எந்தக் கட்சியிலாவது நடக்குமா, சொல்லுங்கள்.) மத்திய உணவு மந்திரியாக இருந்தபோது, 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் அதிக விளைச்சல் தரும் கோதுமை விதை வந்து இறங்கியது. டெல்லியில் தன் பங்களாப் புல்வெளியிலேயே அதைப் போட்டு விளைய வைத்துக் காட்டினார். அந்த வழியில் போனதால்தான் யூரியா மூட்டையை நம்பிப் பிழைக்க வேண்டியதாயிற்று என்று இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் இங்கேயே எத்தனையோ பேர் சொல்கிறார்கள். அதற்கு மாறாக, அன்றைக்குக் கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமைக்கு வரிசையில் நின்றவர்கள் சொல்வதும் இருக்கிறது. இரண்டையும் மேடையேற்றுங்கள்.

எனக்குள்ள கேள்வி வேறு. 1965இல் இந்திப் பிரச்சினையில் தமிழ்நாடே கொதித்தபோது, மத்திய மந்திரியாக இருந்தவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். பிறகு அது திரும்பப் பெறப்பட்டது என்றாலும், எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். அதே மனிதர் நெருக்கடி நிலை நடந்த காலம் முழுக்க நிதி மந்திரியாக இருந்தார். சட்டம் படித்தவர், அரசியல் சட்டம் எழுதிய சபையிலேயே இருந்தவர், அப்போது ஏன் எழுதிக் கொடுக்கவில்லை? அப்புறம் 1990இல் மகாராஷ்டிர ஆளுநரானார். பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைக் குறை சொன்னது வெளியே தெரிந்து, 1993 ஜனவரியில் பதவியை விட்டார். ஆளுநர் மாளிகையில் அவர் இருந்த மூன்று வருஷத்தில் என் மனசில் நிற்பது வெளியே வந்ததுதான்.

சதாசிவம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1973இல் சென்னையில் வக்கீலாகப் பதிவு செய்தார். 2013 ஜூலை முதல் 2014 ஏப்ரல் வரை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. வீரப்பன் ஆட்கள் மேல் நடந்த பாலாறு கண்ணிவெடி வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வர் உட்பட 15 பேருக்கு, கருணை மனுவை வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டதை முக்கியக் காரணமாகக் காட்டி ஆயுளாகக் குறைத்தது அவர் தலைமையிலான அமர்வுதான். ஆனால் என்னைப் போன்றவனுக்கு நேரடியாக உதவுவது லலிதா குமாரி வழக்கின் தீர்ப்பு. பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013 நவம்பரில் அவர் தலைமையிலான ஐவர் அமர்வு சொன்னது. சில வகை வழக்குகளுக்கு மட்டும் முதலில் விசாரிக்க இடம் கொடுத்தது. இன்றைக்கும் ஸ்டேஷனில் புகார் வந்தது என்பதற்கு மட்டும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, "போய்ட்டு வாங்க, கூப்பிடறோம்" என்று அனுப்பிவைக்கிறார்கள். அந்த ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிற ஆளிடம் இந்தத் தீர்ப்பை எத்தனை வக்கீல் எடுத்துச் சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற சில மாதத்திலேயே, 2014 செப்டம்பரில், அவர் கேரள ஆளுநரானார். தலைமை நீதிபதியாக இருந்த ஒருவர் ஆளுநரானது அதுவே முதல் முறை. வக்கீல்களிலேயே பலர் அப்போது எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் பிறகு எந்தக் கோர்ட்டிலும் வாதாடக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 124(7). ஆளுநராகக் கூடாது என்று எங்கும் இல்லை. சரி, சட்டத்தில் தடை இல்லை என்பது மட்டும் போதுமா? போதாது என்பது என் வாதம். மத்திய அரசின் மேல் வந்த வழக்குகளுக்குத் தீர்ப்பு சொன்னவர், அதே அரசு கொடுக்கும் பதவிக்குப் போவதற்குள் இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும். ஐந்து வருஷத்தைக் குறையில்லாமல் முடித்தாரே என்று நீங்கள் எதிர்வாதம் வைக்கலாம். வையுங்கள், கேட்கத்தானே வருகிறோம்.

சி.எஸ். பிறந்த நாள் ஜனவரி 30. அது காந்தி நினைவு நாளும் ஆனதால் பகலில் வேறு நிகழ்ச்சிகள் இருக்கும். சாயங்காலம் ஆறரைக்கு மேல் வையுங்கள். அதற்கு முன்னால் என்றால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு எங்களால் வந்துசேர முடியாது.