ஆல்பத்துக்கு இரண்டு பக்கம் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் இசை ஆல்பங்கள் தொடரை விடாமல் படித்து வருகிறேன். பெயர் பெற்ற ஆல்பம் ஒன்றை வாரா வாரம் எடுத்து எழுதுவது நல்ல காரியம். ஆனால் படித்து முடித்தால் எத்தனை கோடி விற்றது, எத்தனை விருது வாங்கியது, பாடகருக்கு எத்தனை கல்யாணம் என்பதெல்லாம் தெரிகிறதே தவிர, கேட்டால் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரிவதில்லை. எழுதுகிறவர் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்டாரா என்றே எனக்குச் சந்தேகம். கேட்டிருந்தால் நடுவில் எங்கேயாவது அலுத்திருக்கும். அதையும் எழுதியிருப்பார்.

நான் செங்கோட்டையில் தையல் கடை வைத்திருப்பவன். ராகம், தாளம் தெரியாது. ஆங்கிலம் பாதி புரியும். 1956 நவம்பர் வரை கேரளத்துப் பக்கம் இருந்த ஊர் இது. ரேடியோவில் முள்ளை இந்தப் பக்கம் வைத்தால் திருநெல்வேலி, கொஞ்சம் தள்ளினால் திருவனந்தபுரம். அதனால் தமிழும் மலையாளமும் எங்கள் காதுக்கு ஒன்றுதான். இங்கிலீஷ் ஆல்பங்கள் மட்டும் என் தங்கை மகன் வழியாக வந்தவை. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் பென் டிரைவில் ஏதாவது போட்டுக்கொண்டு வருவான். “மாமா, வரிசையாக் கேளுங்க, இடையில மாத்திராதீங்க” என்பது மட்டும்தான் அவன் போடும் நிபந்தனை.

முதலில் எனக்கு இந்த நிபந்தனை பிடிக்கவில்லை. பாட்டு நம் இஷ்டத்துக்குக் கேட்பதுதானே? பிறகு அவனே ஒருநாள் விளக்கினான். அந்தக் கால எல்பி ரெக்கார்டில், அதாவது இரண்டு பக்கமும் பாட்டு உள்ள பெரிய இசைத்தட்டில், ஒரு பக்கத்துக்கு 20, 25 நிமிடம்தான் கொள்ளும். அதற்குத் தகுந்தாற்போலத்தான் பாட்டை அடுக்கியிருக்கிறார்கள். எந்தப் பாட்டோடு முதல் பக்கத்தை முடிப்பது, திருப்பிப் போட்டதும் எது வர வேண்டும் என்பதெல்லாம் யோசித்துச் செய்தது. தங்கள் தொடரில் இதைப் பற்றி ஒரு வரிகூட வந்ததில்லை.

மைக்கேல் ஜாக்சனின் திரில்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் வந்தது, மொத்தமே ஒன்பது பாட்டு. தலைப்புப் பாட்டின் முடிவில் வின்சென்ட் பிரைஸ் என்கிற பேய்ப்பட நடிகர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். முதல் பக்கம் அதோடு முடிந்துவிடும். எழுந்து போய் ரெக்கார்டைத் திருப்பிப் போடுகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு வீட்டுக்குள் நிற்கும். அதற்கப்புறம்தான் ‘பீட் இட்’ ஆரம்பிக்கிறது. போனில் கேட்டால் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பாட்டு வந்து விழுந்துவிடுகிறது, இல்லையென்றால் நடுவில் விளம்பரம். முதல் பக்கத்தில் அவரும் பால் மெக்கார்ட்னியும் ஒரு பெண்ணுக்காகச் சண்டை போட்டுக்கொள்ளும் பாட்டு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இழுத்துக்கொண்டே போகிறார்கள். ‘பில்லி ஜீன்’ வேறு விஷயம். அந்த டிரம் சத்தம் முதலிலிருந்து கடைசிவரை ஒரு இழை பிசகவில்லை. வாசித்தவர் லியோன் சான்ஸ்லர், எல்லோருக்கும் எண்டுகு சான்ஸ்லர். பேன்டுக்கு நீளத் தையல் போடும்போது வைத்துக் கேட்கத் தோதான பாட்டு. தங்கள் கட்டுரையில் விற்பனைக் கணக்கு இருந்தது, இவர் பெயர் இல்லை.

பிங்க் ஃபிளாய்ட் என்கிற இங்கிலாந்து ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’, 1973. இதன் முதல் பக்கம் முடிவது ஒரு பெண் குரலில். அவள் பாடுவதில் சொல்லே கிடையாது. தொண்டை மட்டும்தான் ஏறி இறங்குகிறது. என் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பட்டன் கட்டித் தரும் ஆச்சி தலையை நிமிர்த்தி, “யாரு வீட்லப்பா துட்டி?” என்று கேட்டாள். பாட்டு சாவைப் பற்றியதுதான் என்று தங்கை மகன் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆச்சிக்கு இங்கிலீஷும் தெரியாது, பிங்க் ஃபிளாய்டும் தெரியாது. பாடிய அந்தப் பெண் கிளேர் டோரி. ஒருநாள் கூலிக்குக் கூப்பிட்டு 30 பவுண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முப்பது வருஷம் கழித்து வழக்குப் போட்ட பிறகுதான், 2005-இல், இசையமைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்று பெயர் சேர்த்தார்கள். சரி, அந்தக் குரல் அடங்கி, ரெக்கார்டைத் திருப்பிப் போட்டால் முதலில் கேட்பது கல்லாப்பெட்டிச் சத்தம். காசைப் பற்றிய பாட்டு. இப்படி அடுக்கியவனுக்கு என்ன துணிச்சல்! கடிகாரங்கள் ஒன்றாக அலறும் இடம் மட்டும் எனக்கு ஆகாது. கத்தரியைக் கையில் வைத்திருக்கிற நேரத்தில் அப்படிச் செய்யக்கூடாது.

ஜமைக்காப் பாடகர் பாப் மார்லியின் எக்ஸோடஸும் இதே வகைதான். 1976 டிசம்பரில் ஜமைக்காவில் அவரைச் சுட்டார்கள். பிழைத்து லண்டனுக்குப் போய் அங்கே செய்த ஆல்பம் இது. முதல் பக்கம் முழுக்க ஆத்திரம், ஊரை விட்டுக் கிளம்பும் மக்கள். இரண்டாம் பக்கத்தில் காதலும் ஆட்டமும். ஊர் முழுக்கத் தெரிந்த நாலு பாட்டை மட்டும் பொறுக்கிக் கேட்கிறவர்களுக்கு அநேகமாக இரண்டாம் பக்கம்தான் வாய்க்கிறது. அவரைச் சிரித்த முகத்தோடு பனியனில் போட்டுக்கொண்டு அருவிக்கரையில் திரியும் பையன்கள் முதல் பக்கத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது, ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைன்ட் ஆஃப் ப்ளூ’. “ஏலே, இதுல பாட்டே இல்லையே” என்றேன் தங்கை மகனிடம். பாடுகிறவர் யாரும் கிடையாது. டிரம்பெட், இரண்டு சாக்ஸபோன், பியானோ, பேஸ் என்கிற கனத்த சத்தம் போடும் கம்பி வாத்தியம், டிரம், அவ்வளவுதான். தையல் கடைக்குள் இதை வைத்தால் பேஸ் சத்தம் காதிலேயே விழாது. ஓவர்லாக் மிஷின் அதை முழுங்கிவிடும். ராத்திரி மிஷின் எல்லாம் நின்ற பிறகு, சட்டைக்குக் கையால் காஜா எடுத்துக்கொண்டு கேட்டபோதுதான் முதல் பாட்டு விளங்கியது. பேஸ் ஒரு வரி சொல்கிறது, மற்றவர்கள் சேர்ந்து இரண்டே எட்டில் பதில் சொல்கிறார்கள். கார்த்திகை மாதம் எங்கள் தெரு வழியாகப் புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் போகிற கூட்டத்தில் குருசாமி நீட்டிச் சொல்ல, மற்றவர்கள் சுருக்கமாகச் சரணம் போடுவார்களே, அதே கணக்கு. அதைப் பிடித்துக்கொண்டதும் மற்றது தானாக வந்தது. அவசரமே இல்லாத வாசிப்பு. ஒருவர் வாசித்து முடித்து நகர்ந்துகொள்கிறார், அடுத்தவர் வருகிறார், யாரும் யாரையும் முந்தவில்லை. சாக்ஸபோன் வாசிக்கும் ஜான் கோல்ட்ரேன் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார் என்று எனக்குப் படுகிறது. ஜாஸ் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

இந்த ஆல்பத்தில் இன்னொரு சங்கதி. 1959-இல் இரண்டே நாளில் பதிவு செய்தது. முதல் நாள் டேப் மிஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் சரியான வேகத்தில் ஓட விட்டபோது முதல் பக்கத்து மூன்று பாட்டும் இருக்க வேண்டியதைவிட ஒரு மயிரிழை வேகமாகவும் சுருதி கூடியும் போய்விட்டன. 1992-இல்தான் அதைச் சரி செய்து வெளியிட்டார்கள். அதுவரை உலகமே அந்தச் சுருதியில்தான் கேட்டு மெய்மறந்திருக்கிறது. பெல்ட் தளர்ந்த டேப் ரெக்கார்டரில் எஸ். ஜானகி ஆண் குரலில் பாடக் கேட்ட என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இதையெல்லாம் தங்கள் கட்டுரையாளர் எழுதினால் என்ன?

‘கால் ஆஃப் தி வேலி’ பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். சிவகுமார் சர்மாவின் சந்தூர் (சின்னக் குச்சிகளால் தட்டி வாசிக்கும் கம்பி வாத்தியம்), ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார். காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒருநாள், விடியலிலிருந்து ராத்திரி வரை. கேட்க இதமாக இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அறுப்பு முடிந்த வயலில் கிடை போட வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பாட்டில் வருகிற ஓய்வு எந்த இடையனுக்கும் வாய்த்து நான் பார்த்ததில்லை. ஒரு நாயாவது குரைக்க வேண்டாமா?

தங்கள் பட்டியலில் நம்முடையது குறைவாக இருப்பது அடுத்த குறை. எம்.எஸ்.ஸின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்பியாக வந்தது. விடிகாலையில் கோயில் ஸ்பீக்கரிலும் டீக்கடையிலும் பாதியில் கேட்டுப் பாதியில் விட்டு, அது ஒரு ஆல்பம் என்பதையே மறந்துவிட்டோம். எழுப்புவது, துதிப்பது, சரணடைவது, மங்களம் என்று நாலு படியாக அது போகிறது. கூடவே ராதா விஸ்வநாதன் பாடியிருக்கிறார். இரண்டு குரல் என்பது அத்தனை தூரம் தெரியாமல் இழைந்திருக்கும். ஹெட்போன் வைத்துக் கேட்டால்தான் பிரியும். நான் கடை திறந்ததும் போடுவது இதைத்தான், பக்தி பாதி, பழக்கம் பாதி. சரணடைகிற பகுதி வரும்போது பெரும்பாலும் யாராவது அளவு கொடுக்க வந்துவிடுவார்கள்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-இல் கேசட்டாக வந்தபோது தென்காசியில் வாங்கினேன். தியாகராஜருக்கும், பாக் என்கிற ஜெர்மன் இசையமைப்பாளருக்கும் சமர்ப்பணம். ஒரு இடத்தில் பாக் எழுதிய வயலின் இசையையே எடுத்து வைத்துக்கொண்டு ராஜா அதன் கூடவே தன்னுடையதை ஓட விடுகிறார். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அங்கே அப்படி ஓடுகிறது. கெட்டிக்காரத்தனம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்த ஆல்பம் என்னை உட்கார விடுவதில்லை, பரீட்சை ஹாலில் இருப்பது போலவே இருக்கிறது. ராஜாவின் சினிமாப் பாட்டில் நடுவே வரும் அரை நிமிட இசை எனக்கு இதைவிடப் பெரிது. இதைச் சொன்னதற்காக எதிர்க்கடை ஸ்டூடியோக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணி என்கிற கேசட் கம்பெனி. ஓணத்துக்கு ஒன்று, சபரிமலைக்கு ஒன்று என்று அவர்கள் போட்ட கேசட்டுகளை எங்கள் பக்கத்துப் பஸ்களில் ஒரு பக்கம் முடிந்ததும் டிரைவரே கையை நீட்டித் திருப்பிப் போடுவார். மலை ஏறி இறங்குவதற்குள் முழு கேசட்டும் முடிந்துவிடும். வரிசை மாறாமல் முழு ஆல்பம் கேட்ட ஜனங்கள் உண்டென்றால் அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள்தான். அவர்களுக்கு அடுத்த பாட்டின் முதல் வரி முந்தின பாட்டு முடியும்போதே வாயில் வந்துவிடும். இவற்றுக்குத் தொடரில் ஒரு வாரமாவது ஒதுக்கக் கூடாதா?

ஆகையால் என் கோரிக்கை. கட்டுரையோடு பாட்டு வரிசையை, எது முதல் பக்கம், எது இரண்டாம் பக்கம் என்று பிரித்து அச்சிடுங்கள். வாசித்தவர்கள் பெயரைப் போடுங்கள், இடமில்லை என்றால் விருதுப் பட்டியலை எடுத்துவிடலாம். எங்கே அலுத்தது என்று எழுதுகிறவர் ஒளிக்காமல் சொல்லட்டும். அடுத்த வாரம் எந்த ஆல்பம் என்பதை முந்தின வாரமே அறிவித்தால் கேட்டுவிட்டுப் படிக்க வசதியாக இருக்கும். மே, ஜூன் மாதங்களில் மட்டும் நீளமானதை எடுக்க வேண்டாம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற நேரம், ஓவர்லாக் மிஷின் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஓடும்.

இப்படிக்கு,
தையல்கடைக்காரர்,
செங்கோட்டை.