சேலை போர்த்திய தொடுதிரை

ஆசிரியருக்கு, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடுதிரையும் இணையமும் கொண்ட திறன்மிகு வகுப்பறைகள் (ஸ்மார்ட் வகுப்பறைகள்) பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் பாடங்களைக் காணொளியாகக் காட்டும் மணற்கேணி செயலி, அப்புறம் ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்று அரசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. சரி, கொடுத்ததைப் பள்ளியில் யார் பார்த்துக்கொள்வது? ஈராசிரியர் பள்ளியில், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவது முதல் எல்லாமே தலைமை ஆசிரியர் தலையில்தான். அவரும் வகுப்பெடுக்க வேண்டியவர்.

தேவகோட்டைப் பக்கம் என் பேத்தி படிக்கும் பள்ளிக்குப் போன மாதம் போயிருந்தேன். சுவரில் தொடுதிரை, தூசி படாமலிருக்க அதன்மேல் ஒரு பழைய கண்டாங்கிச் சேலை. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் திரை அணைந்து மூன்று வாரமாம். புகார் எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். ஆள்தான் வரவில்லை. ஊராட்சி ஒன்றியத்துக்கு இரண்டு தொழில்நுட்ப உதவியாளர்களை நியமித்து, மாதம் ஒருமுறையாவது பள்ளிதோறும் வரச் செய்யலாம். தலைமை ஆசிரியர் பயிற்சியும் செயலியைத் திறக்கக் காட்டுவதோடு நிற்காமல், எந்தப் பாடத்துக்குத் திரை வேண்டும், எதற்கு வேண்டாம் என்று திட்டமிடச் சொல்லித்தர வேண்டும்.

- ஓய்வு பெற்ற ஆசிரியை, காரைக்குடி