ஒரு பிளேட் பரோட்டா பாக்கி

மாப்ளே,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின வாரமே வந்துவிட்டது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றும் இல்லை. முட்டி வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிட்டுத் தைலத்துக்கு மாறினதாக எழுதியிருந்தாய். தங்கச்சி திட்டவில்லையா?

இங்கே வீட்டில் ஒரு புதுச் சத்தம். சின்னவள் கிடார் கற்றுக்கொள்கிறாள். முதலில் சேர்த்த வகுப்பில் வாத்தியார் அவள் விரலைப் பார்த்துவிட்டு, "பொம்பளைப் பிள்ளைக்குக் கீபோர்டு சுலபமா வரும் சார்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. சரி என்று வேறு இடம் பார்த்துச் சேர்த்தேன். இப்போது இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கிறது. அதைத் தினமும் என்னிடம் நீட்டி, "அமுக்கிப் பாருங்கப்பா" என்கிறாள்.

அவளுக்குப் போட்டுக் காட்டத்தான், ராக் கிடார் வாசித்துக்கொண்டே பாடும் லீட்டா ஃபோர்டின் ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டலில் நாம் தேயத் தேயக் கேட்ட கேசட். அட்டைப்படம்கூடக் கிடையாது. யாரோ பதிவு செய்து, நீல மையில் 'லீட்டா' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

கேட்க ஆரம்பித்ததும் நம் பழைய சண்டையும் கூடவே வந்துவிட்டது. அதில் ஒரு பாட்டை அவளோடு சேர்ந்து பாடியவர், பிளாக் சாபத் என்கிற ராக் குழுவில் பாடகராக இருந்த ஆசி ஆஸ்போர்ன். "ஆசி கூடப் பாடலேன்னா இவளை யாருடா சீண்டுவான்?" என்றாய் நீ. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மெஸ் மூடும்வரை கத்தினோம். ஒரு பிளேட் பரோட்டா பந்தயம். தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாமல் அது அப்படியே நின்றுபோனது. 2025 ஜூலையில் ஆசி ஆஸ்போர்னும் போய்விட்டார். இப்போது என்னிடம் கணக்கு இருக்கிறது, கேள்.

ஆல்பம் வந்தது 1988-ல். அதே வருஷம் அதிலிருந்த 'கிஸ் மீ டெட்லி' பாட்டு, அமெரிக்காவின் ஹிட் பாட்டு வரிசையான பில்போர்டு பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது. அதில் ஆசி கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து பாடிய 'குளோஸ் மை ஐஸ் ஃபாரெவர்' 1989-ல்தான் 8-ஆம் இடத்தைத் தொட்டது. அதில்தான் விஷயமே இருக்கிறது. பிளாக் சாபத்தை விட்டு வந்தபிறகு ஆசி போட்ட எந்தப் பாட்டும் அதுவரை முதல் 10-க்குள் வந்ததில்லை! மறுபடி அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க அவருக்கு 2019 வரை ஆனது. அதுவும் போஸ்ட் மலோன் என்கிற சின்னப் பையனின் பாட்டில். யாரால் யாருக்கு லாபம், நீயே சொல்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சமயம் அவளுக்கு மேனேஜர் ஆசியின் மனைவி ஷாரன். தயாரித்தவர் மைக் சாப்மன், பிளாண்டி குழுவைத் தூக்கிவிட்ட ஆள். 'கிஸ் மீ டெட்லி'யை எழுதியது மிக் ஸ்மைலி. ஒரு பாட்டை எழுதக் கைகொடுத்தது மோட்லி க்ரூ குழுவின் நிக்கி சிக்ஸ், இன்னொன்றுக்கு மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி. ஆக, பல கை சேர்ந்த வேலைதான். ஆனால் கிடார் அவள் கை.

அந்தக் கைக்கு அதற்குள் எத்தனை வருஷப் பழக்கம் தெரியுமா? லண்டனில் பிறந்து கலிபோர்னியாவின் லாங் பீச்சில் வளர்ந்தவள். 13 வயதில் பிளாக் சாபத் கச்சேரிக்குப் போயிருக்கிறாள். 16-ல் 'தி ரன்அவேஸ்' குழுவின் லீட் கிடார். எல்லாரும் பெண்கள், எல்லாரும் டீன்ஏஜ். அமெரிக்காவில் கிண்டல் செய்தார்கள், ஜப்பானில் கூட்டம் மொய்த்தது. 1979-ல் குழு கலைந்தது. அங்கே பாடியது செரி கரியும் ஜோன் ஜெட்டும். இவள் வாசிப்பதோடு சரி. தனியாக நிற்க வேண்டும் என்றால் வாசித்துக்கொண்டே பாடவும் வேண்டும். 1983-லும் 1984-லும் இரண்டு ஆல்பம் போட்டாள். கிடார் அவற்றில்தான் இன்னும் முரடு. பெரிதாக விற்கவில்லை. அடுத்ததைப் பதிவு செய்தும் கம்பெனி வெளியிடவே இல்லை. அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு கிடந்த பிறகு வந்ததுதான் நம் கேசட்.

அந்த டூயட் பிறந்த கதையை அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். புது வீட்டுக்குப் பரிசாக ஆசியும் ஷாரனும் ஓர் ஆளுயரக் கொரில்லா பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். (நாம் என்றால் குத்துவிளக்கு கொடுப்போம்.) ஷாரன் கிளம்பிப் போனபின் மற்ற இருவரும் குடித்துக்கொண்டே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். வெளியே வந்து பார்த்தால் விடிந்திருந்தது, பாட்டும் முடிந்திருந்தது. எனக்கு அந்த 13 வயதுப் பெண்தான் கண்ணில் நிற்கிறாள். அன்று மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் இதே ஆசிதான்.

இத்தனை வருஷம் கழித்துக் கேட்டதில் ஒன்று புரிந்தது. 'கிஸ் மீ டெட்லி'யில் அவள் கையை எவ்வளவு அடக்கியிருக்கிறாள்! குரல் வரும்போது கிடார் கீழே உறுமிக்கொண்டே கிடக்கிறது, முந்திக்கொண்டு வருவதில்லை. அன்றைக்கு எல்லாரும் நொடிக்கு எத்தனை சுரம் என்று ஓட்டப்பந்தயம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இவள் பாட்டுக்கு இடம் விட்டாள். அதில்தான் ஜெயித்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாப் பாட்டும் தங்கம் என்று சொல்லமாட்டேன். 'ப்ளூபெரி' எனக்கு இன்றும் ஒட்டவில்லை. டிரம்ஸ் குளியலறைக்குள் அடித்த மாதிரி கேட்கிறது. அது அந்தக் காலத்து வியாதி.

அப்புறம் ஸ்டிலெட்டோ என்று ஓர் ஆல்பம், இன்னும் சில. நடுவில் சுமார் 15 வருஷம் பாட்டையே விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

சின்னவள் டூயட்டை முழுக்கக் கேட்டாள். ஆசியின் குரல் வந்தபோது முகத்தைச் சுளித்தாள், பாவம் மனிதர். முடிந்ததும், "நடுவுல அந்த சோலோ வாசிக்கிறது யாருப்பா?" என்றாள். "பாடுறாங்களே, அவங்களேதான்" என்றேன். என் போனைப் பிடுங்கிச் சோலோவை மட்டும் மறுபடி மறுபடி ஓடவிட்டாள். ராத்திரி பத்தரை வரை அந்த முதல் இரண்டு வரியைக் கம்பியில் தேடிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு அம்மா ஒருமுறை கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் கடைசியில் ஊருக்கு வருகிறேன். பரோட்டாவை மறக்காதே. இத்தனை வருஷ வட்டிக்கு ஒரு முட்டை வீச்சும் சேர்த்துச் சொல்லிவிடு.

உன்,
பழைய ரூம்மேட்