18 வயதுக்குப் பிறகு அவர்கள் எங்கே தங்குவார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் கிறிஸ்தவ சபைகளும் மிஷன்களும் நடத்தும் பிள்ளைகள் இல்லங்கள் நிறைய. அவற்றுக்குக் கொடுப்பதில் நம் சபையார் குறை வைத்ததில்லை. பிறந்தநாள் சாப்பாடு, கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி, பள்ளிச் செலவு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அதே பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் அத்தனையும் நின்றுபோகிறது. பிளஸ் டூ முடித்த கையோடு இல்லத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

இவர்களில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையாலோ குடியாலோ மறுமணத்தாலோ பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாதவர்கள். உறவினரிடம் ஒப்படைத்தோம் என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். வருடக்கணக்காகப் பார்க்காத சித்தப்பா வீட்டில் ஒரு பையன் எத்தனை நாள் தங்குவான்? பெண் பிள்ளை என்றால், அவசரமாக ஒரு வரன் பார்த்துக் கட்டிவைத்துவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் வழக்கமும் இருக்கிறது. படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு அது பெரிய அநியாயம்.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46-ஆவது பிரிவில், இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களுக்கு நிதி உதவி தர இடம் கொடுக்கிறது. இல்லத்தை விட்டு வந்த பின்னும் தொடரும் இந்த உதவிக்குப் பிற்காப்பு என்று பெயர்; 21 வயது வரை அது உண்டு. தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் வீடு, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, தொடர்ந்து பேசி வழிகாட்ட ஓர் ஆலோசகர் என்று 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் விவரமாகவே சொல்கின்றன. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய்க்கும் வழி இருக்கிறது.

ஆனால் அந்தப் பணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வீடு பிடித்துப் பாருங்கள். அட்வான்ஸ் கேட்பார்கள், அப்பா வந்து பேசட்டும் என்பார்கள். வேலைக்கான படிவத்தில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் யார் பெயரை எழுதுவது? காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பது யார்? அரசாங்கத்தால் பணம் அனுப்ப முடியும். ஒரு சித்தியையோ அண்ணனையோ அனுப்ப முடியாது. சபையால் முடியும்.

எத்தனையோ சேகரங்களில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதிகளில், பழைய ஆசிரியர் குடியிருப்புகளும் போதகர் வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பழுதுபார்த்து, கல்லூரிக்கோ வேலைக்கோ போகும் ஆறு பேருக்குக் கொடுக்கலாம். வார்டன் வைத்து மணியடிக்கும் விடுதியாக வேண்டாம்; அவர்களே சமைத்து, கரண்ட் பில் கட்டிப் பழகும் வீடாக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் சபையில் ஒரு குடும்பம் துணை நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு, வங்கிக் கணக்கு திறக்க, சான்றிதழ் வாங்கக் கூடவே போவது, வேலை போனால் திட்டாமல் பேசுவது, அவ்வளவுதான் கேட்கிறேன்.

நமக்கு இது புதிதும் அல்ல. 1901-இல் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் நெல்லைச் சீமையின் டோனாவூரில் தொடங்கிய பிள்ளைகள் இல்லப் பணியில் வளர்த்தவர்களை அக்காள், அண்ணாச்சி, சித்தி என்றுதான் பிள்ளைகள் அழைத்தார்கள். அங்கே வளர்ந்த பலர் பெரியவர்களான பின் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்தார்கள். உறவு 18 வயதோடு அறுந்துபோகவில்லை.

இரண்டு விஷயங்களில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். துணை நிற்க வருபவர்களைக் காவல்துறை சரிபார்ப்பு இல்லாமல் சேர்க்கக் கூடாது. சபையில் நல்ல பெயர் இருப்பது மட்டும் போதாது. அப்புறம், ஆராதனைக்கு வந்தால்தான் அறை என்று நிபந்தனை வைக்கக் கூடாது. இல்லத்தில் மணிக்கு மணி ஜெபித்து வளர்ந்தவர்கள் அவர்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். வேறு மதத்துப் பிள்ளை வந்தாலும் அதே கதவு திறக்கட்டும்.

ஆசிரியர் அவர்களே, பிற்காப்பு உதவிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதையும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் முகவரிகளையும் அடுத்த பிளஸ் டூ முடிவுகள் வருவதற்கு முன் உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள். இல்ல நிர்வாகிகளும் சேகரக் கமிட்டியாரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேச வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை