பெயர் தெரியாத அந்த நர்ஸ் அக்காவுக்கு நன்றி

முதுமலை ஓரத்தில் எங்கள் இருளர் ஊருக்கு முகாமுக்கு வந்த நர்ஸ் அக்கா, உங்கள் பெயரைக் கேட்டு வைக்காமல் போய்விட்டோம். இங்கே பொழுது சாய்ந்தால் யானை நடமாட்டம். ராத்திரி மகள் மூட்டுவலியில் துடித்தாலும் விடியும்வரை தைலம் தேய்ப்பதுதான் வழி. வளரும் பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும் என்றே எல்லோரும் சொன்னார்கள். நீங்கள்தான் அவள் கண்ணின் மஞ்சளைப் பார்த்து, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தீர்கள். சிக்கிள் செல் ரத்தசோகை, அதாவது ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் நோய். நீலகிரிப் பழங்குடிகளிடம் அதிகம் காணப்படும் நோய் என்றீர்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அழுத என் மாமியாரின் கையைப் பிடித்து, "இது அம்மா அப்பா ரெண்டு பேர் ரத்தத்திலிருந்தும் வர்றது பாட்டி, யார் மேலயும் குத்தமில்ல" என்று பொறுமையாகச் சொன்னீர்களே, அதை மறக்க மாட்டேன்.

அப்புறம் பள்ளிக்கும் போய் டீச்சரிடம் பேசினீர்கள். குளிரும் தாகமும் இந்த வலியைக் கிளப்பும், அதனால் குளிரில் ஸ்வெட்டர் கழற்றச் சொல்லக் கூடாது, வகுப்பிலேயே தண்ணீர் குடிக்க விட வேண்டும் என்று. பாதியில் நிற்கவிருந்த படிப்பு அதனால்தான் தொடர்கிறது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடாமல் போடுகிறாள். தம்பிக்கும் பரிசோதனை செய்துவிட்டோம், அவனுக்கு இல்லை. ரொம்ப நன்றி அக்கா.