ஹாப்ஸ் பங்கு பிரிப்பு: அளவு சொல்லும் முன் படிக்கவும்

ஓசூர், கிருஷ்ணகிரி உறுப்பினர்களுக்கு வணக்கம். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் கொடிப்பூவான ஹாப்ஸைப் பொடித்து அழுத்திய பெல்லட்டுகளை, ஹாப்ஸ் சோடாவுக்காக (மது இல்லாத சோடாதான், புதியவர்கள் பயப்பட வேண்டாம்) ஞாயிறு காலை பிரித்துக் கொடுக்கிறோம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கிலோ கணக்கில் கேட்காதீர்கள். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில்தான். நம் கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதனால் உறையில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். காஸ்கேட் ரகம் சீக்கிரம் வாசனை இழக்கும், கொஞ்சமாக வாங்குங்கள். மேக்னம் ரகம் நன்றாகத் தாங்கும்.

காற்று, சூடு, வெளிச்சம் மூன்றும் ஆகாது. காற்றை உறிஞ்சி ஒட்டிய அலுமினிய உறையில் போட்டு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வையுங்கள். சாதாரண ஜிப் கவரில் ஆக்சிஜன் மெல்ல நுழைந்துவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உறையைத் திறக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். கரன்ட் போனால் ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தாலே போதும்.

பழைய சீஸ் வாடை வந்தால் கெட்டுவிட்டது, கொட்டிவிடலாம். ஆனால் நாய் எட்டும் இடத்தில் கொட்டாதீர்கள். நாய்களுக்கு ஹாப்ஸ் விஷம், உயிருக்கே ஆபத்து.

சரி, எந்த ரகம், எத்தனை கிராம் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே போடுங்கள். உறை ஒட்டும் மெஷின் இருப்பவர்கள் மறக்காமல் கொண்டு வரவும்.