படங்கு உரசிய புண் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸ் என்ற வைரஸ் கொப்புள நோய் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்லது. ஆனால் 'மாத்திரை குடித்தால் புண் ஆறிவிடும், பயமில்லை' என்று முடித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. புண் ஆறினாலும் எச்.ஐ.வி. பயம் போவதில்லை.

தேயிலைத் தோட்டங்களில் முப்பது வருடம் மருத்துவமாதாக இருந்தவள் நான். ஹெர்பிஸ் என்று எங்கள் பெண்கள் சொல்லி நான் கேட்டதில்லை. "சூடு மிஸ்ஸி, படங்கு உரசினது" என்பார்கள். உடுப்பு நனையாமல் கட்டும் தடித்த விரிப்புத்தான் படங்கு. மழையில் நனைந்த அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தால் உரசத்தானே செய்யும்? நானும் நம்பினேன். ஒருத்தி மூன்றாம் தடவையும் அதே இடத்தில், அதே கொப்புளக் கூட்டத்தோடு வந்தபோதுதான் இது ஹெர்பிஸ் என்று உறைத்தது. (அக்கி என்று காவி பூசிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அக்கி வேறு வைரஸ்.)

சரி, இதற்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன? பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு. புண் வழியே கிருமி நுழைவது ஒரு பக்கம். ஹெர்பிஸை எதிர்க்க அந்த இடத்தில் வந்து குவிகிற வெள்ளை அணுக்கள் இருக்கின்றனவே, எச்.ஐ.வி. பிடிப்பதும் அவற்றைத்தான். தோல் மூடிய பிறகும் அவை வாரக்கணக்கில் அங்கேயே நிற்கின்றன. அதனாலோ என்னவோ, ஆப்பிரிக்கப் பெண்களையும் சேர்த்துத் தினமும் ஹெர்பிஸ் மாத்திரையான அசைக்ளோவிர் கொடுத்துப் பார்த்த ஆய்வில் எச்.ஐ.வி. தொற்று குறையவில்லை, 2008இல் முடிவு வந்தது. மாத்திரை புண்ணை ஆற்றும், அவ்வளவுதான். ஏற்கெனவே எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை எடுக்காத பெண்ணுக்கோ, ஹெர்பிஸ் அடிக்கடி வரும், ஆறவும் நாளாகும். அந்தப் புண்ணிலிருந்து எச்.ஐ.வி.யும் கசியும்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் நம் இலங்கைக்கு உலக சுகாதார அமைப்பின் சான்று கிடைத்தது. கர்ப்பிணிகளுக்கு இரத்தம் பார்ப்பதன் பலன் அது. பிள்ளை பிறந்த பிறகு? புருஷன் கொழும்பில் வேலை, தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவார். அவள் இரத்தத்தை அப்புறம் யார் பார்க்கிறார்கள்?

மூன்றாம் தடவை வந்த அந்தப் பெண்ணை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். துண்டு எழுதுகிறவர் வரிசையே கேட்கும்படி "என்ன வருத்தம்?" என்றார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிவிட்டாள். நுவரெலியா, பதுளை, கண்டி ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய்களுக்கென்றே தனிக் கிளினிக் உண்டு, காசில்லை, விவரம் வெளியே போகாது என்பதை அடுத்த வாரமாவது பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமாது,
ஹட்டன்